கார் மிஸ்ஸிங் அடிக்கிறதா? முதலில் எந்த சிலிண்டர் என்று பாருங்கள்

எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் நான்காவது தளத்துக்கு ஏறும்போதுதான் என் கார் முதன்முதலில் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது விக்கியது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. சரிவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் திணறல், ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அடுத்த வாரமே அதே விக்கல் திரும்பி வந்தது. கடைசியில் பார்த்தால் போயிருந்தது ஒரே ஒரு இக்னிஷன் காயில், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும் ஒரு 10 மில்லிமீட்டர் சாக்கெட்டும் போதும். சாமான் வாங்குவதற்கு முன் கோளாறு எந்த சிலிண்டரில் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான்.

இது பெட்ரோல் காருக்கான விளக்கம். ஹைபிரிட் என்றால் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

1. விளக்கைப் பாருங்கள்

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு காயில் விலையைப் போலப் பல மடங்கு. சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றுபோனால் பதற்றப்பட வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி, அருகில் அதற்கென்று குறித்திருக்கும் கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போய் விடும்.

2. எப்போது விக்குகிறது?

சிக்னலில் நிற்கும்போது மட்டும் நடுங்கி, ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டால் காற்றுப் பக்கம் சந்தேகப்படுங்கள்: வெடித்த ஹோஸ், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் அழுக்கு. சரிவிலோ வேகமெடுக்கும்போதோ திணறினால் பிளக், காயில், அப்புறம் பெட்ரோல். கார்நிறுத்துமிடத்துச் சரிவே நமக்கு நல்ல சோதனைக்கூடம்.

வெளியே வந்து புகைக்குழாய் அருகே ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். நல்ல என்ஜினில் அது ஒரே சீராகப் படபடக்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் நடுநடுவே தாளம் தப்பும். திறந்த வெளியில் சுருக்கமாகச் செய்யுங்கள். மூடிய இடத்தில் புகை ஆபத்து. தவிர, காரை நிறுத்தி என்ஜினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்.

3. ஸ்கேனரைப் போடுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், கார் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் இடம் அது. கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் போதும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாத விக்கல். பி0171 வந்தால் பெட்ரோலை விடக் காற்று அதிகம். அப்போது ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் ரப்பர் வெடிப்பது சாதாரணம். ஸ் என்று சத்தம் கேட்டால் அங்கேதான் ஓட்டை.

4. காயிலை இடம் மாற்றுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். கார்நிறுத்துமிடம் பட்டறை அல்ல. கழற்றும் வேலையைத் தரைவீட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மச்சான் வீட்டு வாசலில்தான் செய்தேன்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும். காயிலில் உருவாவது ஆயிரக்கணக்கான வோல்ட். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், பல கார்களில் வரிசையாக நான்கு காயில் தெரியும். ஒயர் முனையின் பூட்டை விரலால் அழுத்தியபடியே இழுங்கள். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக், பலம் காட்டினால் உடைந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி மேலே தூக்குங்கள்.

மூன்றாவதில் கோளாறு என்றால், அந்தக் காயிலை ஒன்றாவதிலும் ஒன்றாவதை மூன்றாவதிலும் வையுங்கள். ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பி0303 போய் பி0301 வந்தால், கோளாறு காயிலோடு இடம் மாறியிருக்கிறது. சரி, புதுக் காயில் ஒன்று வாங்குங்கள். என் காருக்கு இப்படித்தான் விடை கிடைத்தது.

5. பிளக்கைப் படியுங்கள்

குறியீடு மாறாமல் மூன்றிலேயே நின்றால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்தாலும் பெட்ரோலில் நனைந்திருந்தாலும் அங்கே சரியாக எரியவில்லை. பிளக் உட்காரும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் என்ஜின் மேல்மூடியின் ஓரத்தை அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் புது பிளக் போட்டுப் பயன் இல்லை.

புது பிளக்கை முதலில் கையால் மட்டும் சுற்றி இறக்குங்கள். கொஞ்சம் தடுத்தாலும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், மரை போனால் பெரிய வேலை. கடைசி முறுக்கு, கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு.

காயிலும் பிளக்கும் மாற்றியும் அதே சிலிண்டர் என்றால் மிச்சம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அல்லது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரெஷன். பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும், வீட்டில் திறக்காதீர்கள். சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும், “பி0303, காயிலும் பிளக்கும் பார்த்தாச்சு, கோளாறு இடம் மாறவில்லை” என்று சொல்லுங்கள். கம்ப்ரெஷன் சோதிக்கச் சொல்லி, நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள்.