ஏத்தங்காய் உப்பேரி ஊர் தாண்டிப் போக: வலைப்பூவும் குறுவீடியோவும்

குமரி மாவட்டத்தில் வீட்டு முற்றத்தில் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) போட்டு விற்பவருக்கும், மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் அடைத்து விற்பவருக்கும் மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க முடியாது. செலவில்லாத வழிகள் இரண்டு. தேடுபவர் கண்ணில் படும்படி ஒரு வலைப்பூ, ஆள் மாறி ஆள் அனுப்பும்படி ஒரு குறுவீடியோ. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வலைப்பூ இல்லாமல் வீடியோ ஓடிவிட்டால் விலை, வழி, பார்சல் எல்லாம் கேட்டு ஒரே நாளில் போன் வந்து குவியும். அடுப்பு முன் நிற்பவரால் எடுக்க முடியாது. எடுக்காத போனுக்கு மறுநாள் யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

வலைப்பூவில் எதை எழுதுவது

கூகுளின் பிளாக்கர் தளத்தில் இலவசமாகத் தொடங்கலாம். முதலில் ஐந்து பதிவு போதும். வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் குறித்து, ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று எழுதுங்கள். தேன் விற்பவர் என்றால் முதல் கேள்வி “பாட்டிலுக்குள் உறைந்துவிட்டதே, சர்க்கரை கலந்ததா?” என்பதுதான். தேன் உறைவது இயல்பு, அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாகிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்று எழுதுங்கள். நம் ஊர்த் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்தில் எடுப்பது. இலை உதிர்ந்து தளிர் விடும்போது காம்பில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ அங்கே எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. வெளியூர்க்காரருக்கு இது புதுச் செய்தி. படித்தவர் இன்னொருவருக்கு அனுப்புவார்.

பலர் சறுக்குவது சொல்லில். நாம் ஏத்தன் என்பதை மற்ற ஊர்க்காரர் நேந்திரம் என்று தேடுவார். செந்துளுவன் அவருக்குச் செவ்வாழை, மரச்சீனி அவருக்கு மரவள்ளிக்கிழங்கு. சக்கை வற்றல் என்று மட்டும் தலைப்பு வைத்தால், சாறு பிழிந்த மிச்சத்தைச் சக்கை என்று சொல்லிப் பழகியவருக்கு அது பலாப்பழம் என்றே தெரியாது. அதற்காக நம் சொல்லை விட்டுவிடவும் கூடாது. அதில்தான் ஊர் மணம் இருக்கிறது. தலைப்பில் இரண்டையும் போடுங்கள்: “ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரம் சிப்ஸ்), தக்கலை”. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர் நிறைய. எனவே அந்த எழுத்திலும் பதிவுக்குள் ஒருமுறை வரட்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் வாடிக்கையாளர் உண்டென்றால் மலையாளத்தில் இரண்டு பத்தி சேர்ப்பது நல்லது.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஊர்ப்பெயர், கடை திறந்திருக்கும் நேரம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், வாட்ஸ்அப் பிசினஸில் கிடைக்கும் ஷார்ட் லிங்க் (தட்டினால் உங்களோடு சாட் திறக்கும் இணைப்பு) ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வீட்டு நம்பரைக் கொடுக்காதீர்கள், தனி சிம் வாங்குங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்து, குத்திய புள்ளி சரியான சந்தில்தான் விழுகிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். திற்பரப்பு அருவிக்கு வந்த குடும்பம் குலசேகரத்தில் உங்கள் கடையைத் தேடி ரப்பர் தோட்டத்துக்குள் போய் நின்றால் அந்த வியாபாரம் போனதுதான். மேப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். அது கூகுள் விதிக்கு எதிரானது, மதிப்புரைகள் நீக்கப்படலாம்.

“சர்க்கரை நோய் குணமாகும்” என்று தேனுக்கோ வேறெதற்குமோ எழுதவே கூடாது. அப்படிப்பட்ட விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த முத்திரையைப் பெட்டியில் அச்சடிக்க, அதற்கு அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

எழுதிய பதிவு தேடலில் மேலே வர வாரக்கணக்கில் ஆகும். ஓணத்துக்கு உப்பேரி விற்க வேண்டுமானால் ஆனி மாதத்திலேயே பதிவு ஏறிவிட வேண்டும். சபரிமலை சீசன் கூட்டத்துக்கென்றால் புரட்டாசியில்.

கைமாறும் வீடியோ

“எங்கள் கடைக்கு வாருங்கள்” என்ற வீடியோவை யாரும் அனுப்பமாட்டார்கள். இப்படியும் ஒன்றா என்று வியப்பவர் அனுப்புவார், இது எங்கள் ஊர் என்று பெருமைப்படுபவர் அனுப்புவார். உப்பேரிக்கு அது கொதிக்கும் எண்ணெயில் மஞ்சள் கலந்த உப்புநீர் விழும் நொடி. அந்தச் சத்தமும் ஆவியும் முதல் மூன்று வினாடிக்குள் வந்துவிட வேண்டும். காய் உரிப்பது, சீவுவது எல்லாம் அதற்குப் பின். மொத்தம் 30 முதல் 45 வினாடி. போனை நிமிர்த்திப் பிடித்து, காலை வெளிச்சத்தில் எடுங்கள். எண்ணெய் தெறிக்கும், போன் மூன்றடி தள்ளி நிற்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமைச் சிக்கலில் ஒலி முடக்கப்படலாம், அடுப்புச் சத்தத்தைவிட நல்ல இசையும் இதற்கு இல்லை. சத்தமில்லாமல் பார்ப்பவருக்காக எழுத்தும் ஓடட்டும்.

வீடியோவோடு அனுப்பும் குறிப்பு இரண்டு மூன்று கை மாறுவதற்குள் கழன்றுவிடும். அதனால் கடைப்பெயர், ஊர், நம்பர் மூன்றையும் படத்துக்குள்ளேயே பதியுங்கள், அதுவும் நடுப்பகுதியில். அடிப்பகுதியை ரீல்ஸ், ஷார்ட்ஸின் பொத்தான்கள் மறைத்துவிடும். விலையை மட்டும் பதியாதீர்கள். வெளியே போன வீடியோவைத் திரும்ப அழைக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதே வீடியோவைக் காட்டிப் பழைய விலைக்குக் கேட்பார். விலை வாட்ஸ்அப் கேட்டலாகில் (பொருள், விலைப் பட்டியலில்) இருந்தால் நினைத்தபோது மாற்றலாம். “இந்த வாரம் மட்டும்” என்பதும் இதே சிக்கல்தான். சலுகை சொன்னால் முடியும் தேதியை வருடத்தோடு போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால் ஒரு தடவைக்கு ஒரு சாட் மட்டும்தான். ஆகவே ஒரே சங்கிலியை நம்பாதீர்கள். வாங்கிச் சாப்பிட்டுப் பாராட்டிய இருபது பேருக்கு ஒவ்வொருவராகப் புதிதாக அனுப்புங்கள். அவர்கள் வெவ்வேறு வட்டத்தில் இருக்க வேண்டும்: மகளிர் சுய உதவிக் குழு, பழைய மாணவர் குரூப், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், சென்னையில் குடியேறிய உறவுக்காரர். துபாயில் இருப்பவர் அங்கிருந்தே ஊரிலுள்ள அம்மாவுக்கு ஆர்டர் போடுவார், அதை மறந்துவிடாதீர்கள். முகம் தெரியாத நம்பர்களுக்கு மொத்தமாகத் தட்டிவிடுவது ஆபத்து. நாலு பேர் புகார் செய்தாலே நம்பர் முடங்கக்கூடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பார்சலோடு “இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு சீட்டு வையுங்கள்.

ஆர்டர் வந்து குவியும்போது

வீடியோவை வெளியே விடும் முன் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போட முடியும் என்று எழுதி வையுங்கள். 20 கிலோதான் என்றால் அதற்கு மேல் வரும் ஆர்டருக்கு அனுப்பும் தேதியைச் சொல்லிவிட்டுப் பணம் வாங்குங்கள். அவசரத்தில் ஈரம் போகாமல் எடுத்து, சூடு ஆறும் முன் அடைத்தால் உப்பேரி பாக்கெட்டுக்குள்ளேயே நமத்துப்போகும். அப்படிப் போன ஒரு பாக்கெட்டின் படமும் அதே வேகத்தில்தான் சுற்றும்.

“கூரியர் இலவசம்” என்று சொல்லும் முன் ஒரு கணக்கு. எடை குறைவாக இருந்து இடத்தை அடைக்கும் பொருளுக்குத் தனியார் கூரியர்கள் பெட்டியின் அளவை வைத்துக் கட்டணம் போடுவது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 என்ற பெட்டிக்கு 3 கிலோ வரும். உள்ளே ஒரு கிலோ உப்பேரிதான் இருந்தாலும் 3 கிலோவுக்குத்தான் காசு. பெட்டியை முதலில் முடிவு செய்து, ஒரு பார்சலைக் கூரியர் அலுவலகத்தில் அளந்து பார்த்த பிறகே விலையைக் கேட்டலாகில் ஏற்றுங்கள்.

ஆர்டர் எடுக்கும்போது “எங்கே பார்த்தீங்க?” என்ற கேள்வியை விடவேண்டாம். நோட்டில் வலைப்பூ, வீடியோ, மேப், சொந்தக்காரர் சொன்னது என்று நாலு கட்டம் போட்டுக் கோடு கிழித்து வந்தால், இரண்டு மாதத்தில் அடுத்த பதிவை எழுதுவதா, அடுத்த வீடியோ எடுப்பதா என்பது தெரிந்துவிடும்.