பழைய ருமேனிய நகைச்சுவைப் படங்கள்: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ருமேனியப் படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2000க்குப் பிறகு திரைப்பட விழாக்களில் பரிசு வாங்கிய படங்கள்தான். மங்கலான அடுக்குமாடிக் குடியிருப்பு, நீண்ட ஷாட், யாரும் சிரிக்காத சாப்பாட்டு மேசை. நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்து அந்த நாட்டு சினிமாவே இப்படி அழுதுவடியும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ருமேனியாவில் இதுவரை அதிக டிக்கெட் விற்ற இரண்டு உள்நாட்டுப் படங்களும் நகைச்சுவைப் படங்களே. 1979இல் வந்த 'நியா மெரின் மிலியார்தார்' (கோடீஸ்வரர் மெரின் அண்ணன்), 1974இல் வந்த 'பக்காலா'. இரண்டும் தலா 1.46 கோடி டிக்கெட் அளவுக்கு விற்றவை. 1977 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகையே 2.15 கோடிதான்.

இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் எல்லோரும் செய்வது, நேராக 'நியா மெரின்' படத்தில் போய் உட்கார்வது. அது அடுத்த தவறு.

டிக்கெட் கணக்கைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அந்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் வந்ததல்ல. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திரையிட்டதில் சேர்ந்த கணக்கு. எந்த வெளிநாட்டுப் படம் உள்ளே வரலாம், எத்தனை வரலாம் என்பதை கம்யூனிச அரசே முடிவு செய்த காலம் அது. 1980களின் நடுவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு வாரநாட்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி அதிபர் சௌசெஸ்குவுக்கு. வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் மொழி. நியா மெரின் ஓல்தேனியா வட்டாரத்து விவசாயி. கருங்கடல் கரைக்கு வந்த இடத்தில், தன்னைப் போலவே இருக்கும் ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரர் என்று எல்லோரும் அவரைத் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வேடமும் ஆம்ஸா பெல்லேயாதான். அவரே ஓல்தேனியாவின் பைலேஷ்தி ஊர்க்காரர். அந்த வட்டாரத்தில், சற்று முன்பு நடந்ததைச் சொல்வதற்கென்றே ஓர் இறந்தகால வடிவம் இன்றும் பேச்சில் உண்டு. மற்ற ருமேனியர்கள் அதை எழுத்தில் மட்டுமே பார்ப்பார்கள். நியா மெரின் வாயைத் திறந்து ஒரு வினைச்சொல்லை விட்டதுமே அரங்கம் சிரித்தது அதனால்தான். சப்டைட்டிலில் அது "நான் வந்தேன்" என்று சப்பென்று கிடக்கும். இந்தப் பாத்திரம் திரைக்கு வரும் முன்பே தொலைக்காட்சித் துணுக்குகளில் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பழகிய ஆளைப் பார்க்கப் போனார்கள். நாம் முன்பின் தெரியாதவரைப் பார்க்கப் போகிறோம்.

வட்டார விஷயத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. டிரான்சில்வேனியா என்றாலே டிராகுலாவைத் தேடுவது. ருமேனிய நகைச்சுவையில் டிரான்சில்வேனியாக்காரருக்கு ரத்தக்காட்டேரியோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓல்தேனியாக்காரர் படபடவென்று பேசுவார், கொஞ்சம் ஜம்பம் அடிப்பார். டிரான்சில்வேனியாக்காரர் எதற்கும் அவசரப்பட மாட்டார், யோசித்து யோசித்துப் பேசுவார். இந்த நிதானத்தைத் துப்பாக்கிச் சண்டை நடக்கும் அமெரிக்க மேற்கில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? அதுதான் 1978இல் தான் பிட்சா இயக்கிய 'தீர்க்கதரிசி, தங்கம், ஆர்தேலியர்கள்'. ஆர்தேல் என்பது டிரான்சில்வேனியாவுக்கு ருமேனியர்கள் வழங்கும் பெயர். தொடர்ந்து வந்த இரண்டு படங்களில் ஒன்றை மிர்ச்சா வெரோயு இயக்கினார், மற்றதை மறுபடி பிட்சா. மூன்றில் முதலாவது போதும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? இயோன் பொபெஸ்கு-கோப்போவின் 'ஒரு குண்டு திருடு போனது' (1961). வசனமே அநேகமாகக் கிடையாது. அணுகுண்டு இருக்கும் பை என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றும் அப்பாவியாக யூரியே தாரியே. கோப்போ அடிப்படையில் கார்ட்டூன் கலைஞர். ஒரு குறும்படத்துக்காக 1957இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியவர். கார்ட்டூனின் வேகத்தை மனித உடம்புகளைக் கொண்டு அவர் எடுத்துக்காட்டியதை ரசிக்க மொழி தேவையில்லை.

கராஜாலேயையும் கராஜுவையும் குழப்பிக்கொள்வது

சிரிக்காதீர்கள், அடிக்கடி நடக்கிறது. இயோன் லூக்கா கராஜாலே (1852–1912) நாடக ஆசிரியர். தோமா கராஜு (1925–1977) நடிகர். கலினேஸ்கு என்று இரண்டு பேர் வருவார்கள்: பால், இயக்குநர்; புயு, நடிகர். ஜான் என்ற முதல் பெயரோடும் இருவர்: இயக்குநர் ஜான் ஜோர்ஜெஸ்கு, நடிகர் ஜான் கொன்ஸ்தாந்தின். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிழைத்தோம்.

இதில் கராஜாலேதான் வேர். அவரைத் தெரியாமல் பழைய ருமேனிய நகைச்சுவையில் பாதி புரியாது. வாய் நிறைய அரசியல் வார்த்தை பேசி, ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாத நடுத்தர வர்க்க மனிதர்களை 1870களிலும் 80களிலும் மேடையேற்றியவர் அவர். திரைப்படம் அவரைத்தான் திரும்பத் திரும்பத் தேடிப் போனது. ஜோர்ஜெஸ்குவின் 'புயல் வீசிய இரவு' (1943) அதில் சிகரம். மரவியாபாரி துமித்ராக்கே தன் வீட்டு மானத்தைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பார். யாரை நம்பி வீட்டை விட்டிருக்கிறாரோ அந்த ஆளோடுதான் மனைவிக்குத் தொடர்பு. இதற்கு நடுவில் தலைகீழாகத் தொங்கிய வீட்டு எண்ணால் 6ஐ 9 என்று நம்பி வீடு மாறி வந்து மாட்டிக்கொள்ளும் ஓர் இளம் பத்திரிகையாளர். மரவியாபாரியாக அலெக்சாந்த்ரு ஜுகாரு, பத்திரிகையாளராக அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த ராது பெலிகான். உலகப் போரின் நடுவில் எடுத்த படம் என்று சொன்னால் நம்ப முடியாது, அவ்வளவு துள்ளல்.

இதோடு 1953இல் வந்த 'தொலைந்துபோன கடிதம்' படத்தையும் பார்த்துவிட்டு "இரண்டும் கராஜாலே, ஆனால் ஒன்று ஏன் இவ்வளவு இழுக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1953 படம் தேசிய நாடக அரங்கின் மேடைத் தயாரிப்பைப் பதிவு செய்தது. மேடையையே பார்க்கிறோம் என்ற நினைப்போடு உட்கார்ந்தால் அது விருந்து: ஜுகாரு, பெலிகான், கிரிகோரே வாசிலியு-பிர்லிக், மார்செல் ஆங்கெலெஸ்கு, குடிகாரக் குடிமகனாக கொஸ்தாக்கே அந்தோனியு. அந்தத் தலைமுறையின் பெரிய நடிகர்கள் வரிசையாக ஒரே சட்டகத்தில். சினிமாவாக எடைபோட்டால் ஏமாற்றம்தான்.

ஒவ்வொரு சிரிப்பையும் புரட்சியாகப் படிப்பது

கம்யூனிச ஆட்சியில் வந்த நகைச்சுவை என்றால் அதற்குள் ரகசியச் செய்தி இருந்தே தீர வேண்டும் என்று ஒரு கூட்டம் பார்க்கிறது. எல்லாமே பிரச்சாரம் என்று இன்னொரு கூட்டம் ஒதுக்குகிறது. இரண்டு பேரும் படத்தைப் பார்ப்பதில்லை.

யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு அங்கே ஓர் எல்லை இருந்தது. குட்டி அதிகாரி, கடை மேலாளர், சோம்பேறி குமாஸ்தா, பேராசைக்காரர், ஏமாற்றுக்காரர்: இவர்களைத் தாராளமாகக் கேலி செய்யலாம், அரசே அதை விரும்பியது. அந்த ஏணியில் மேலே ஏற ஏறக் கை நடுங்கும். உச்சியைத் தொடவே முடியாது. 1955இல் ஜோர்ஜெஸ்கு எடுத்த 'எங்கள் மேலதிகாரி' ஓர் அலுவலகத்தின் தலைமை அதிகாரியைக் கேலி செய்தது. ஜுகாரு அந்த அதிகாரி, பிர்லிக் அவர் முன்னால் நெளியும் சின்ன ஊழியர். அந்த அளவு அனுமதி இருந்தது. 1970–71இல் மிர்ச்சா த்ராகான் இயக்கிய மூன்று 'ப்ரிகாதா திவெர்சே' படங்களில் போலீஸ்காரர்கள் நல்லவர்கள், திருடர்கள் அசடுகள். கேப்டன் பனாயித்தாக தோமா கராஜு. திருடர்களாக தெம் ரதுலேஸ்கு, புயு கலினேஸ்கு, ஜான் கொன்ஸ்தாந்தின். போலீஸுக்குப் பெயர் வாங்கித் தர எடுத்த படம் என்பது வெளிப்படை. ஆனால் மக்கள் மனசில் தங்கியது திருடர் கூட்டணிதான். இதை எதிர்ப்பு என்பதா, ஆதரவு என்பதா? எதுவும் வேண்டாம், நல்ல நடிகர்கள் கையில் கிடைத்த நல்ல வேடம் என்று விட்டுவிடலாம்.

ஜியோ சாய்சேஸ்குவின் 'பாக்குஸின் ரகசியம்' (1984) வேறு விதம். ஒயின் மோசடியில் கொழித்த ஒருவனின் கதை. ஷ்தெஃபான் மிஹைலெஸ்கு-ப்ரைலா பிரமாதப்படுத்தியிருப்பார். உண்மையான ஒரு வழக்கைத் தழுவியது அது. அந்த வழக்கின் நிஜ மனிதருக்கு 1981இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இது தெரிந்தபின் அந்தப் படத்தின் கலகலப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

நடிகர்களைத் தியாகிகளாக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் பெரிய மேடைச் சிரிப்பு நடிகர் கொன்ஸ்தாந்தின் தனாசே 1945இல் இறந்தார். கைக்கடிகாரங்களைப் பறித்த சோவியத் சிப்பாய்களைக் கேலி செய்ததற்காகக் கொல்லப்பட்டார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. சுவையான கதை, ஆனால் வரலாறு என்று எடுத்துக்கொள்ள அது போதாது.

சட்டதிட்டம் தெரியாமல் காதல் படமாகப் பார்ப்பது

விர்ஜில் கலொத்தெஸ்குவின் 'புலெதின் தெ புக்குரெஷ்தி', அதாவது புக்கரெஸ்ட் அடையாள அட்டை, 1980களின் தொடக்கத்தில் வந்தது. விவசாயப் படிப்பு முடித்த பெண், டாக்ஸி ஓட்டும் ஒருவரைப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சண்டை போடுகிறார்கள், பிறகு எல்லா காதல் படமும் போகும் வழியில் போகிறது. இதை மட்டும் பார்த்தால் சாதாரணப் படம்.

ஏன் அந்தக் கல்யாணம் என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். அந்த ஆட்சியில் படிப்பை முடித்தவருக்கு எந்த ஊரில் வேலை என்பதை அரசு ஒதுக்கும். விவசாயப் பொறியாளர் என்றால் கிராமம் நிச்சயம். புக்கரெஸ்ட் போன்ற பெரிய நகரங்களோ வெளியூர்க்காரர்களுக்கு அடைக்கப்பட்டவை. நினைத்தபடி குடியேற முடியாது. அந்த ஊர் முகவரி போட்ட அடையாள அட்டை இருந்தால்தான் அங்கே வேலை. அதற்கு எளிய வழி, ஏற்கெனவே அந்த அட்டை வைத்திருப்பவரைக் கட்டிக்கொள்வது. படம் பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படியொரு கல்யாணம் பண்ணிய அக்காவோ சகாவோ இருந்திருப்பார்கள். மிர்ச்சா தியாகோனு நடித்த அந்த டாக்ஸி ஓட்டுநரும் கிராமத்துக்குப் போகாமல் தப்பிய ஒரு விவசாயப் பொறியாளர்தான் என்று தெரியவரும்போது அந்தச் சிரிப்பு இரட்டிப்பாகிறது. கடைசியில் படம் அரசு விரும்பும் பக்கம் நல்ல பிள்ளையாகச் சாய்ந்துவிடும். அது போகட்டும்; அதுவரை சொன்னது போதும்.

இதே விஷயத்தை எதிர்த்திசையிலிருந்து பார்க்க விரும்பினால் மிர்ச்சா மொல்தோவானின் 'தொவாம்னா போபோசிலோர்' (1975) இருக்கிறது. பட்டதாரிகள் நிஜமாகவே கிராமத்துக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களை விட அதில் மனசில் நிற்பவர் வேதாவாக வரும் த்ராகா ஓல்தேயானு மத்தேய். பழைய ருமேனிய நகைச்சுவை நடிகர்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஆண்கள் மட்டும் இருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும். த்ராகா, ஸ்தெலா பொபெஸ்கு, 'லிச்சேயேனி' (1986) படத்தில் கணக்கு டீச்சராக வந்து மொத்தப் பள்ளியையும் நடுங்கவைக்கும் தமாரா புச்சுச்சேயானு-போதெஸ் ஆகியோரை விட்டுவிட்டு என்ன பட்டியல்?

சிரிப்பு நடிகர் என்று முத்திரை குத்துவது

இவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே நாடக அரங்கில் வளர்ந்தவர்கள். பகலில் படப்பிடிப்பு, இரவில் மேடை. அதனால் வேடங்களுக்கு வேலி கிடையாது. நியா மெரினாகக் குதித்த அதே ஆம்ஸா பெல்லேயாதான் 'தாச்சி' (1967) படத்தில் ரோமை எதிர்த்த மன்னன் தெசெபால். 1971இல் வெளியான வரலாற்றுப் படத்தில் மாவீரன் மிஹாயும் அவரே. மூன்றையும் இயக்கியவர் ஒரே ஆள், செர்ஜு நிக்கொலாயெஸ்கு. தேசத்தின் வீரமுகமாகப் பார்த்துப் பழகிய ஒருவர் பட்டிக்காட்டு விவசாயியாக வந்து நிற்பது, அந்த 1979 படத்தின் சிரிப்பில் சொல்லப்படாத ஒரு பங்கு.

தோமா கராஜுவை யூடியூப் துணுக்குகளில் மட்டும் பார்ப்பவர்களும் இப்படித்தான் இழக்கிறார்கள். தொலைக்காட்சியில் அவர் பேசிய தனிமொழிகள் அருமையானவை, சந்தேகமில்லை. ஆனால் மனோலே மார்குஸின் 'நடிகரும் காட்டுமிராண்டிகளும்' (1975) பார்க்காமல் அவரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இரும்புக் காவல்படை என்ற பாசிச இயக்கத்தின் மிரட்டலுக்கு நடுவே மேடையேறும் ஒரு சிரிப்பு நடிகர் வேடம். தனாசேயின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. 1977 மார்ச் 4 பூகம்பத்தில் புக்கரெஸ்டில் கட்டடம் இடிந்து கராஜு இறந்தார். அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இயக்கிய அலெக்சாந்த்ரு போக்கனெத்ஸும் அதே இடத்தில் இறந்தார். கராஜுவுக்கு வயது 51.

ஒழுங்கு மாற்றிப் பார்ப்பது

லுச்சியான் பிந்திலியேயின் 'ஏன் மணியடிக்கிறது, மித்திக்கா?' பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 1981இல் முடிந்து, தடைபட்டு, சௌசெஸ்கு வீழ்ந்த பிறகு 1990இல் திரைக்கு வந்த படம். தடை என்ற வார்த்தைக்கு இருக்கும் கவர்ச்சியில் பலர் இதையே முதலில் போட்டுவிட்டு, சேறும் கூச்சலுமாக இருக்கிறதே என்று இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். இதுவும் கராஜாலேதான். ஒரு சலூன், ஒரு திருவிழா நடனம், பொறாமை பிடித்த காதலர்கள் என்று போகும் அவருடைய கேலி நாடகம். அதே நாடகத்தை 1950களின் இறுதியில் கெயோர்கே நாகி, அவுரெல் மிஹெலெஸ் இருவரும் துப்புரவாக, ஒழுங்காகப் படமாக்கியிருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு பிந்திலியேயைப் போடுங்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தேடும் வேலை அப்போது இருக்காது. விக்தோர் ரெபென்ஜுக்கையும் கெயோர்கே தினிக்காவையும் நிம்மதியாகக் கவனிக்கலாம்.