'எ' வருமா, 'ஆன்' வருமா?

ஆங்கிலத்தில் 'எ' (a), 'ஆன்' (an) இவற்றுள் எது வரும் என்பதை, அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து அல்லாமல், அதை வாய்விட்டுச் சொல்லும்போது முதலில் எழும் ஒலியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். 'யூனிவர்சிட்டி' (university) ஆங்கில எழுத்தில் 'u' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் யகர ஒலி பெறுவதால் 'எ யூனிவர்சிட்டி' என்பதே சரி. 'ஹெச்' (h) ஒலிக்காத 'அவர்' (hour), 'ஆனஸ்ட்' (honest) போன்றவற்றுக்கு 'ஆன்' வரும். உயிருக்கு முன் 'ஓர்' எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

பலரும் தடுமாறுவது சுருக்கப்பெயர்களில்தான். 'எம்.எல்.ஏ.' எகர ஒலியில் தொடங்குவதால் 'ஆன் எம்.எல்.ஏ.' என்றும், அதையே விரித்தால் 'எ மெம்பர்' என்றும் எழுத வேண்டும். இடையில் அடைமொழி புகுந்தாலும் கவனம் தேவை. 'ஆன் அவர்' என்பது 'எ ஃபுல் அவர்' ஆகிவிடும். 'த' (the) என்ற சொல் எழுத்தில் மாறாது. 'தி ஆப்பிள்' என உயிரொலிக்கு முன் உச்சரிப்பு மட்டுமே மாறும்.