நெடுந்தீவுக்குப் போகிறவர்களே, திரும்பும் படகை முதலில் கேளுங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவில் என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டவர். அதனால் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "குதிரை பார்க்கப் போக வேணும், எப்படிப் போறது?" என்று என்னைத்தான் பிடிப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 776 பஸ். பண்ணைப் பாலம், வேலணை, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று போய்க் குறிகட்டுவானில் தெரு முடிந்துவிடும். நயினாதீவுப் படகும் அதே துறையிலிருந்துதான் வெளிக்கிடும். சனக்கூட்டத்தோடு இழுபட்டுப் போனால் நாகபூஷணி அம்மன் வாசலில் இறங்குவீர்கள். அதுவும் கொடுப்பினைதான், ஆனால் அங்கே குதிரை இல்லை.

நெடுந்தீவுப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். நேரம் காற்றைப் பொறுத்து மாறும் என்பதால் முதல் நாளே விசாரியுங்கள். காலைப் படகைவிடத் திரும்பி வரும் கடைசிப் படகுதான் முக்கியம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அன்றைய பொழுதைப் பிரிக்க வேண்டும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அலை தூக்கிப் போடும். தலைசுற்றுகிறவர்கள் கையில் ஒரு தேசிக்காய் (எலுமிச்சை) வைத்திருங்கள். என்னைக் கேட்டால் மாசி மாதம்தான் நல்லது. மாரி மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் தெம்பாக நிற்கும்.

இறங்கியதும் ஓட்டோ பேசுங்கள், கூலியை ஏறுவதற்கு முன்பே. தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், அந்த வெயிலில் நடந்து முடியாது. ஓட்டோக்காரர் கிட்ட இருக்கிற கோட்டையைத்தான் முதலில் காட்டப் பார்ப்பார். "அண்ணை, முதல்ல குதிரை" என்று சொல்லிவிடுங்கள். வெயில் ஏறுமுன் தெற்கே வெட்டைவெளிக்குப் போனால் கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வம்சம் என்பார்கள், இப்போது யாருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலி. தூர நின்று பாருங்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். கோடையில் குளம் வற்றித் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்த ஆண்டுகளும் உண்டு.

உங்களுக்கும் தண்ணீர் முக்கியம். பல கிணறுகள் உவர், ஆளுக்கு இரண்டு போத்தலாவது கொண்டு போங்கள். சாப்பாட்டைக் காலையிலேயே ஒரு கடையில் சொல்லி வைத்தால் மீன்குழம்பும் சோறும் கிடைக்கும். சொல்லாமல் போனால் பனிஸும் தேத்தண்ணியும்தான்.

திரும்பும் வழியில் உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்கமரம் (பாவோபாப்), ஆஸ்பத்திரிப் பக்கம் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டை. வளவுகளைச் சுற்றிய வேலிகளை நிதானமாகப் பாருங்கள், எனக்குக் கோட்டையைவிட அவைதான் பிடிக்கும். சாந்து பூசாமல் கடலின் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) அடுக்கியே கட்டியவை. படமெடுக்க மேலே ஏறினால் சரிந்துவிடும், திரும்ப அடுக்குவது வீட்டுக்காரரின் பாடு.

இறங்குதுறையில் குமுதினிப் படகின் நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன ஊர்ச்சனம் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் செல்ஃபி வேண்டாம்.

துறைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். நோயாளிகளையும் வயதானவர்களையும் முதலில் ஏற விடுங்கள். படகைத் தவறவிட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள் காலைதான். தங்குவதற்கு வீடுகள் சில உண்டு, ஓட்டோக்காரரையே கேளுங்கள்.