பல ஆண்டுகள் உறங்கிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் முறை

பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்த வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்தால், உடனே பிளக்கைச் சொருகிச் சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான் மனம் துடிக்கும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மின்னூட்டத்தைச் சேமித்து வைப்பவை எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள்; நெடுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அவற்றின் உள்ளே மின்காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். திடீரென்று முழு வோல்டேஜும் ஏறினால் அவை ஷார்ட் ஆகி, முதலில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வையும் பிறகு பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கிவிடும். வால்வுக்கு மாற்று கிடைத்துவிடும். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிடைப்பது அரிது. ஆகவே முதலில் பாதுகாப்பு, அடுத்து பவர் சப்ளை, அதன் பிறகு ஒவ்வொரு வால்வின் டிசி வோல்டேஜ், கடைசியில்தான் ஒலி என்ற வரிசையை மாற்றாமல் வேலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டை வைத்துக்கொள்கிறேன். அதில் மூன்றே வால்வுகள். 5ஒய்3 ஏசியை டிசியாக மாற்றுகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வின் இரு பாதிகளும் கிட்டாரின் நலிந்த சிக்னலை இரண்டு கட்டங்களாகப் பெருக்குகின்றன. 6வி6 அதை ஏறத்தாழ 5 வாட்டாக ஸ்பீக்கருக்குத் தருகிறது. பெரிய ஆம்ப்ளிஃபையர்களில் உள்ள பெரும்பாலான கோளாறுகளை இந்தச் சிறிய பெட்டியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 350 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடிக்க, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு உறையிட்ட இரு கம்பிகளுக்கு நடுவே பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கிளிப்பால் சேஸிஸில், அதாவது ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தில், மாட்டிவிட்டு, மறுமுனையை டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். அதன் 16 மைக்ரோ ஃபாரடையும் ரெசிஸ்டரின் 10 கிலோ ஓமையும் பெருக்கினால் 0.16 நொடி, அதன் ஐந்து மடங்கான 0.8 நொடியில் கெபாசிட்டர் ஏறக்குறைய காலியாகிவிடும். இருந்தாலும் பத்து நொடி பிடித்திருந்து, பிறகு மீட்டரை வைத்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்யும் பழக்கம் கெபாசிட்டரையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

காலியான கெபாசிட்டரில் சில நிமிடங்களில் கொஞ்சம் வோல்டேஜ் தானாகவே மீண்டும் ஏறும். எனவே வேலை முடியும்வரை அந்தக் கிளிப் கம்பியை எடுக்காமல் விட்டுவைப்பேன். மீண்டும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதைக் கழற்ற மறக்கக் கூடாது. மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து, மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளுக்கும் இடையே பாயும் மின்சாரம் மார்பு வழியாகத்தான் போகும்.

இரண்டு கம்பி வயரை மூன்று கம்பியாக மாற்றுதல்

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் எர்த் கிடையாது. ஹம் எனப்படும் தாழ்ந்த ரீங்காரத்தைக் குறைப்பதற்காக, மெயின்ஸின் ஒரு கம்பியிலிருந்து சேஸிஸுக்கு 0.05 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் இதை மரணக் கெபாசிட்டர் என்றே அழைக்கிறார்கள், அதில் மிகை எதுவும் இல்லை. அது ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுவதும் மெயின்ஸ் மின்சாரம் ஏறும். சேஸிஸிலிருந்து, கிட்டார் வயரைச் சொருகும் ஜாக் வழியாகக் கிட்டாரின் கம்பிகளுக்கும் ஏறும். வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கில் பட்டால் போதும். அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.

புதிய வயரின் எர்த் கம்பியை சேஸிஸில் தனியாக ஒரு போல்ட் போட்டு, அடியில் உள்ள பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷருடன் இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், பின்னொரு நாள் வேறு யாராவது அதைத் தளர்த்தக்கூடும். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கும், அங்கிருந்து சுவிட்சுக்கும், பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கும் போக வேண்டும். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு நேரே போகும். எர்த் கம்பியை மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விட்டால், வயர் இழுபட்டு அறுந்தாலும் கடைசியாக அறுவது அதுவாக இருக்கும். முடித்த பின் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சேஸிஸுக்கும் இடையே 1 ஓமுக்கும் குறைவாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

117 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபையரை 230 வோல்ட் மெயின்ஸில் நேரடியாகச் சொருகக் கூடாது. எர்த் இணைப்பைக் கடத்தும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

பழைய வால்வு ரேடியோவையோ ரெக்கார்ட் பிளேயரையோ கிட்டார் ஆம்ப்ளிஃபையராக மாற்ற விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்பதைத்தான். சில மலிவான மாடல்களில் அது இருக்காது. சேஸிஸே மெயின்ஸின் ஒரு கம்பியாக இருக்கும். அத்தகையதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதில், முதல் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் கால்) 68 கிலோ ஓம் வழியாக ஜாக்கை இணைத்து, ஜாக்கிலிருந்து சேஸிஸுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இந்த 1 மெகா ஓமின் மதிப்பு குறைந்தால், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டாரின் பிக்கப் சோர்ந்து, ஒலியின் உயர்சுருதிப் பகுதி மங்கிவிடும்.

முதல் மின்சாரம்

பழைய ஃபில்டர் கெபாசிட்டர்களைக் காப்பாற்ற முயல வேண்டாம். பழமையின் அழகு கேபினட்டிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்கிறது, காய்ந்துபோன கெபாசிட்டரில் இல்லை. 16, 8, 8 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 22, 10, 10 போடலாம். 5ஒய்3 தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டத்துக்கு எல்லை உண்டு என்பதால், ஹம் குறையட்டும் என்று முதல் இடத்தில் 100 போடுவது தவறு. வோல்டேஜ் மதிப்பு 500 இருந்தால் நல்லது. ஏனெனில் 5ஒய்3 சூடாகிவிட்ட பிறகும் 6வி6 சூடாகாத சில நொடிகளில் வோல்டேஜ் வழக்கத்தைவிட அதிகமாக எகிறும். பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை இருமுறை சரிபார்த்த பிறகே பற்றவையுங்கள்.

அடுத்து, இழை உள்ள பழைய வகைக் குண்டு பல்பு ஒன்றை, 60 வாட் அளவில், ஃபேஸ் கம்பியில் தொடராக இணைத்து ஒரு சோதனைப் பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், ஆம்ப்ளிஃபையர் தப்பிக்கும். முதலில் வால்வுகள் இல்லாமல் மின்சாரம் கொடுங்கள். பல்பு எரியாமலோ மிக மங்கலாகவோ இருக்க வேண்டும். பிறகு வால்வுகளைச் சொருகி, ஸ்பீக்கரை இணைத்துக் கொடுங்கள். பல்பு ஒரு முறை பிரகாசித்துத் தணிய வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரை ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் வோல்டேஜ் அதன் உள்காப்பைத் துளைத்துவிடும்.

வோல்டேஜ் சொல்லும் கதை

பல்பை நீக்கி முழு மெயின்ஸில் அளக்கும் கட்டம் இது. என்னைக் கேட்டால் இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜை அதன் ஓம் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் தெரியும் என்ற ஒரே விதி போதும்.

12ஏஎக்ஸ்7 வால்வின் 3ஆம் கால், எலக்ட்ரான்கள் கிளம்பும் கேத்தோடு; அவை போய்ச் சேரும் முனை பிளேட். கேத்தோடின் 1,500 ஓம் ரெசிஸ்டரில் 1.35 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 0.9 மில்லி ஆம்பியர். அதே மின்னோட்டம் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரிலும் பாய்வதால் அங்கே 90 வோல்ட் விழும். 250 வோல்ட் சப்ளையில் 1ஆம் காலான பிளேட்டில் 160 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே முழு 250 வோல்ட்டும் தெரிந்தால் அந்தப் பாதி வேலை செய்யவில்லை என்று பொருள்.

6வி6 வால்வின் கேத்தோடு 8ஆம் கால். 470 ஓமில் 19 வோல்ட் என்றால் சுமார் 40 மில்லி ஆம்பியர். அதில் ஸ்க்ரீன் என்ற துணைக் கிரிட்டுக்குப் போகும் 3 மில்லி ஆம்பியரைக் கழித்தால் 37. 3ஆம் காலான பிளேட்டில் 325 வோல்ட் இருந்தால், கேத்தோடின் 19ஐக் கழித்து 306 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 11.3 வாட். 6வி6 பிளேட்டின் எல்லை 12 வாட், ஆகவே இது நலம்.

என்னிடம் வந்த ஓர் ஆம்ப்ளிஃபையர் பத்து நிமிடம் இனிமையாகப் பாடிவிட்டுப் பிறகு கரகரத்தது. விளக்கை அணைத்துப் பார்த்தபோது, 6வி6 வால்வின் சாம்பல்நிறப் பிளேட்டில் ஓரமாக ஒரு மங்கிய சிவப்புக் கோடு தெரிந்தது. பூஜ்யமாக இருக்க வேண்டிய 5ஆம் காலில், அதாவது கிரிட்டில், 4 வோல்ட் இருந்தது. முந்தைய கட்டத்தின் டிசியைத் தடுக்க வேண்டிய 0.02 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை மீட்டரின் ஓம் அளவீட்டில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. கணக்குப் போட்டதும் விளங்கியது: 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 4 வோல்ட் என்றால் 18 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது, மறுபுறம் 160 வோல்ட் இருக்கும் நிலையில் அந்தக் கசிவின் தடை 8 மெகா ஓமுக்கும் மேல். அத்தகைய கசிவு உயர் வோல்டேஜில்தான் வெளிப்படும். மீட்டரின் சிறிய பேட்டரிக்கு அகப்படாமல் போகலாம்.

வால்வு கெட்டிருந்தாலும் கிரிட்டில் பாசிட்டிவ் வரலாம் என்பதால், மின்சாரத்தை நிறுத்தி 6வி6ஐக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து, சாக்கெட்டின் 5ஆம் காலை மீண்டும் அளந்தேன். 4 வோல்ட் அப்படியே இருந்தது. குற்றவாளி கெபாசிட்டர்தான். வோல்டேஜ் மறைந்திருந்தால் வால்வை மாற்றியிருப்பேன். 630 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டதும் பிளேட்டின் சிவப்பு போய்விட்டது.

சத்தத்தைக் கொண்டு கோளாறைப் பிடித்தல்

ஹம் சத்தத்தின் சுருதியைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள இடத்தில் 100 ஹெர்ட்ஸும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 ஹெர்ட்ஸும் கேட்டால் ஃபில்டர் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள்; மெயின்ஸின் அதே சுருதி கேட்டால் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளையும் கிரவுண்ட் இணைப்புகளையும் பாருங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ஹம் குறையவில்லையென்றால், அது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால் உள்ள பகுதியிலிருந்து வருகிறது.

பொரிவது போன்ற சத்தம் பெரும்பாலும் முதுமையடைந்த கார்பன் பிளேட் ரெசிஸ்டரிலிருந்து வரும். உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால், கெட்டதும் தளர்ந்த பற்றுகளும் தாமாகவே குரல் கொடுக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய உடனே வீறிட்டுக் கத்தினால் பயப்பட வேண்டாம். ஃபீட்பேக்கின், அதாவது வெளியீட்டிலிருந்து முந்தைய கட்டத்துக்குத் திரும்பும் சிக்னலின், திசை தலைகீழாகியிருக்கிறது, ஸ்பீக்கர் பக்கத்து இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் அடங்கிவிடும்.

எல்லாம் சரியானதும் கிட்டாரைச் சொருகி ஒரு மணி நேரம் வாசியுங்கள். பிறகு அணைக்காமலேயே 6வி6 வால்வின் 5ஆம் காலையும் 8ஆம் காலையும் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் தேதியுடன் ஒரு சீட்டில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை இதைத் திறப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.