லோடு வண்டி வாங்குமுன் எஞ்சினைக் கணக்குப் போடுவது எப்படி

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது கணவரும் கொழுந்தனாரும். டீசல் சீட்டு, சுங்கச்சாவடிச் சீட்டு, ஒர்க்‌ஷாப் பில் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுவது நான். பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் தக்காளி, சீசனில் மாங்காய், மற்ற நாட்களில் கிடைக்கிற வாடகை, இதுதான் எங்கள் பிழைப்பு. புதிதாகப் பிக்-அப் எடுக்க நினைக்கும் சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்றுதான். எந்த எஞ்சின் என்பதை முடிவு செய்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது. டீசலா, பெட்ரோலா, சிஎன்ஜி என்கிற அழுத்திய காஸா, பேட்டரியா என்பதில் பிசகிவிட்டால், தவணை முடிகிற வரை ஒவ்வொரு நடையிலும் கைக்காசு போகும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தை எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு எடை, எத்தனை இடத்தில் நின்று நின்று போகிறீர்கள், நிற்காமல் ஓடுகிற நீளமான தூரம் எது, லோடு இருக்கும்போது ஏறுகிற செங்குத்தான ஏற்றம் எது. விற்பனையாளர் கொடுக்கிற வண்ணத்தாளைவிட இந்த ஒரு பக்கம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஏற்றத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் நம் ஊரின் அமைப்பு. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் சுமார் 900 மீட்டர். அதனால் பெங்களூர்ப் பக்கம் போகிற தக்காளியும் மாங்காயும் லோடோடு மேலே ஏறுகின்றன. மேலுமலைக் கணவாயில் முக்கி முனகி ஏறுவது நிறைந்த வண்டி, திரும்பி இறங்குவது காலி வண்டி. சேலம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது தலைகீழ். தருமபுரியிலிருந்து போகும்போது தொப்பூர்க் கணவாயில் லோடோடு இறங்க வேண்டும். முதல் ஆளுக்கு வேண்டியது இழுவை. இரண்டாம் ஆளுக்கு இழுவையோடு, கீழ் கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற எஞ்சினும் நல்ல பிரேக்கும் வேண்டும். தொப்பூரில் நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்கிற யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகள் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கின்றன என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் தெரியும்.

எடையையும் கண்ணால் மதிப்பிடாமல் கூட்டிப் பாருங்கள். ஒரு தக்காளிப் பெட்டி 25 கிலோ என்று வைத்தால் 60 பெட்டி ஒன்றரை டன். பிளாஸ்டிக் பெட்டியின் எடை, பின்னால் கட்டுகிற இரும்புக் கூண்டு, தார்ப்பாய், கூட வருகிற ஆள், இவை எல்லாம் அதற்கு மேல். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையை (வண்டியும் லோடும் சேர்த்து) தாண்டினால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம் கட்டாமல் தப்பித்தாலும் எஞ்சினும் கிளட்சும் தப்பிக்காது. "ஒன்றேகால் டன் வண்டிதான், ஆனால் இரண்டு டன் தாங்கும்" என்று பெருமையாகச் சொல்லி விற்பவரிடம், அப்படி ஏற்றினால் வாரண்டி நிற்குமா என்று கேளுங்கள்.

இப்போது இழுவை. வண்ணத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். நாம் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிற டார்க், அதாவது எஞ்சின் திருப்புகிற விசை, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது. மாருதி சூப்பர் கேரியின் பெட்ரோல் எஞ்சின் சுமார் 80 குதிரைத்திறன். மஹிந்திரா பொலேரோ பிக்-அப்பின் இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் சுமார் 75. குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் பெட்ரோல் வண்டி ஒரு படி மேலே. டார்க்கைப் பாருங்கள்: பெட்ரோலில் 104 நியூட்டன் மீட்டர், அதுவும் 2900 சுற்றில். டீசலில் 200 அளவு, 1400 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. சூப்பர் கேரி முக்கால் டன் ஏற்றுகிற சின்ன வண்டி, அந்த எடைக்கு அதன் எஞ்சின் போதும். குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இழுவையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் அருகருகே வைத்தேன்.

எத்தனை சுற்றில் என்பதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அஞ்செட்டி மலைப்பாதையிலோ வத்தல்மலையிலோ கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது வேகம் சுத்தமாக விழுந்துவிடும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வேலை செய்யத் தொடங்காத அந்தக் குறைந்த சுற்றில் எஞ்சினுக்கு உயிர் இருக்காது. 1400, 1500 சுற்றிலேயே முழு இழுவை வருகிற எஞ்சின் இரண்டாம் கியரில் வளைவைத் தாண்டிவிடும். 2500-க்கு மேல்தான் வரும் என்றால் முதல் கியருக்கு இறங்கி, அலறவிட்டு, கிளட்சைத் தேய்த்து ஏற வேண்டும். கியர் விகிதமும் இதில் சேர்ந்திருப்பதால், "முழு லோடில் எத்தனை சதவீத ஏற்றம் ஏறும்?" என்று நேராகக் கேளுங்கள். அந்த எண் கம்பெனியிடம் இருக்கும்.

எல்லா எண்ணையும் பார்த்த பிறகு லோடோடு ஓட்டிப் பாருங்கள். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. காலி வண்டியை ஷோரூம் வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிட்டு "சும்மா பறக்கிறது" என்று வருவது சோதனை ஆகாது. ஒரு டன் மணல் மூட்டையோ உரமூட்டையோ ஏற்ற அனுமதி கேளுங்கள். பல ஷோரூம்களில் அதற்கென்றே ஒரு வண்டி வைத்திருப்பார்கள். நன்றாகத் தெரிந்த ஓர் ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடும்போது வண்டி உதறுகிறதா, பின்னால் உருள்கிறதா, கிளட்ச் கருகும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு இரண்டாம் கியரில் 1500 சுற்றில் ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மிதியுங்கள். தட்டும் சத்தம் இல்லாமல் வேகம் பிடித்தால் அந்த எஞ்சின் நம் பக்கத்துக்கு ஆகும். கொழுந்தனார் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சுற்று காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டுகிறவருக்குச் சாலையில் கண் இருப்பதால் இதற்கு இன்னொரு ஆள் அவசியம்.

டீசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டி ஓட்டிய பெரியவர்கள் சொல்கிற "டீசல் எடுத்தால் கவலை இல்லை" என்ற பேச்சு 2020 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முந்தைய வண்டிகளுக்குப் பொருந்தும். அன்று புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்-6 விதி வந்தது. அதன் பிறகு வந்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூடு வந்துவிடும். தெருத் தெருவாக நின்று நின்று போகிற வண்டியில் வராது. எரிப்பு பாதியில் நின்று நின்று போனால் வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கிற டீசல் எஞ்சின் ஆயிலிலும் இறங்கும். ஆயில் பார்க்கும் கம்பியில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். டீசல் கலந்து ஆயில் நீர்த்துப் போகிறது என்று அர்த்தம்.

பல டீசல் வண்டிகளுக்குப் புகையின் நச்சைக் குறைக்கிற ஆட்புளூ என்கிற திரவமும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். பொதுவாக நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை செலவாகும். தீர்ந்துபோனால் வண்டி சக்தி குறையும், அணைத்தபின் திரும்ப எடுக்காமலும் போகலாம். நாமெல்லாம் விவசாயக் குடும்பம், வீட்டில் யூரியா மூட்டை இருக்கும். அதைக் கரைத்து ஊற்றினால் போதும் என்று சொல்கிறவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வயலுக்கான யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருவது. அந்த எண்ணெயும் அழுக்கும் புகைக்குழாயில் இருக்கிற விலை உயர்ந்த பாகத்தை நாசமாக்கிவிடும். மானிய உரத்தை அப்படிப் பயன்படுத்துவது குற்றமும்கூட. சிறிய டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் இந்தத் திரவமே தேவைப்படாத வேறு ஏற்பாடு உண்டு. நீங்கள் பார்க்கிற மாடலில் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்தில் பால் பாக்கெட் போடுகிற சித்தப்பா மகன் வண்டி எடுக்கும்போது கேட்டான்: "அக்கா, டீசல்தானே மைலேஜ் கொடுக்கும்?" கொடுக்கும். ஆனால் அவன் ஓட்டத்துக்கு அந்த மைலேஜ் போட்ட முதலைத் திருப்பித் தருமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு. டீசல் 20 கொடுத்தால் 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 1 ரூபாய் 65 காசு. டீசல் வண்டி 1,20,000 ரூபாய் விலை அதிகம் என்றால், அதை எடுக்கவே 72,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாளைக்கு 50 கிலோமீட்டர் வீதம் வருடத்தில் 300 நாள் ஓட்டுகிறவனுக்கு அது கிட்டத்தட்ட ஐந்து வருடம். 150 கிலோமீட்டர் ஓடுகிற தக்காளி வண்டிக்கு ஒன்றரை வருடம் தாண்டியதும் வந்துவிடும். அவன் பெட்ரோல் எடுத்தான். நின்று நின்று போகிற பால் வண்டிக்கு டிபிஎஃப் தொல்லையும் இல்லை. உங்கள் விலையையும் மைலேஜையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். மைலேஜுக்குக் கம்பெனி சொல்வதை எடுக்காமல், அதே வண்டியை அதே பாதையில் ஓட்டுகிறவரிடம் கேட்ட எண்ணை எடுங்கள்.

சிஎன்ஜி கிலோமீட்டர் செலவில் பெட்ரோலை வென்றுவிடும். அதே எஞ்சின் காஸில் ஓடும்போது சக்தி பத்தில் ஒரு பங்கு அளவு குறையும், அது ஏற்றத்தில் தெரியும். சிலிண்டரின் எடை ஏற்றும் லோடிலிருந்து கழியும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். நிலையத்தில் அழுத்தம் குறைவாக இருக்கிற நேரம் போனால் தொட்டி முழுதாக நிரம்பாது. சமதளத்தில், காஸ் நிலையம் வழியிலேயே இருக்கிற ஓட்டத்துக்கு நான் தயங்காமல் சிஎன்ஜி சொல்வேன். அந்த நிலையத்துக்கு நீங்கள் லோடு எடுக்கிற நேரத்தில் ஒரு முறை நேரில் போய் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

பேட்டரி ஸ்கூட்டர்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தயாராகின்றன, லோடு வண்டியிலும் பேட்டரி வந்துவிட்டது. நாம் குட்டி யானை என்று அழைக்கிற டாடா ஏஸ் 2005-இல் 16 குதிரைத்திறன் டீசலோடு வந்தது. 2022-இல் அதன் மின்சார வண்டி அறிமுகமானது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும், இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று சோதனையில் சொல்வது லோடோடு மலை ஏறும்போது கிடைக்காது. ஓசூருக்குள்ளேயே சுற்றி, இரவு சொந்த இடத்தில் சார்ஜ் போடுகிறவருக்கு அருமையான வண்டி. பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் போய்த் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்பதே என் கருத்து.

அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த வண்டி. நம் மண்ணில் செய்த வண்டி என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் எந்த வண்டியானாலும் அந்தக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே கம்ப்யூட்டர் வைத்து எஞ்சின் கோளாறு பார்க்கிற ஆள் தினமும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிஎஸ்-6 எஞ்சினை ரோட்டோர மெக்கானிக் காதால் கேட்டுச் சரிசெய்ய முடியாது. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவான ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

பெரிய எஞ்சினோடு வண்டியின் மொத்த எடையும் 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோ வரை இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முன்பணம் கட்டும்போது ரசீதில் மாடல், எஞ்சின் வகை, தயாரித்த மாதம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், டர்போ, டிபிஎஃப் மூன்றுக்கும் வாரண்டி எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டி வந்த அன்று எஞ்சின் எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பதிவுக்கு அனுப்புங்கள்.