காலாங் ஆற்றில் போத்தலை அமிழ்த்துமுன்

புதிய தொண்டூழியர்கள் நீரின் தரத்தை அளக்க சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் பழைய என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. போத்தலில் பெயர் எழுத மறப்பது, கையுறையை வீட்டிலேயே விட்டுவருவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

நீர் ஓடும் திசையில், காலுக்குக் கீழ்ப்பக்கம் நீர் எடுப்பது

இன்றும் எனக்கு ஆத்திரமூட்டும் தவறு இதுதான். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இந்த ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. 2012இல் அது வளைந்து நெளிந்து ஓடும் ஆறானது. இப்போது அடியில் வண்டல் படிகிறது. காலை வைத்தாலே தே தாரிக் எனும் பால் தேநீர்போல் கலங்கிவிடும். நீரோட்டம் அதை அப்படியே கீழே இழுத்துப்போகும். அங்கே போத்தலை அமிழ்த்தினால் நீங்கள் அளப்பது ஆற்றை அல்ல, உங்கள் காலணியை.

நான் அப்படித்தான் அளந்தேன். நீரின் கலங்கலை அளக்கும் குழாயில் பத்து சென்டிமீட்டர் நீர் ஏறுவதற்குள் அடியிலிருந்த கறுப்பு வெள்ளைக் குறி மறைந்துவிட்டது. சற்று மேலே ஒரு கட்டுமானத் தளம். அங்கிருந்து வடிகாலில் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக்கூடாது என்பது விதி. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று புகார் எழுதினேன். வந்த அதிகாரி, எங்கே நின்று எடுத்தேன் என்று மட்டும் கேட்டார். நின்று காட்டினேன். என் காலடியிலிருந்து புகைபோல் எழுந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக் குறிப்பேடு அன்றே செல்லாக்காசானது. பிறகு உண்மையிலேயே சேறு வந்த நாளிலும் எங்கள் எண்களை யாரும் நம்பவில்லை.

நீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். கலங்கல் தெளியும்வரை பொறுத்து, கையை முன்னே நீட்டி, அடியைத் தொடாமல் எடுங்கள்.

நேரம் குறிக்காமல் ஆக்சிஜன் அளப்பது

வெயிலில் பாசி ஆக்சிஜனைக் கூட்டும். இரவு முழுவதும் அது செலவாகும். மாலை எண்ணையும் விடியற்காலை எண்ணையும் ஒப்பிட்டுப் பயனில்லை. குளிர்நாட்டுப் பாடநூலில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்தும் பதறவேண்டாம்: 30 டிகிரி நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும்.

ஆற்றுநீர் உயர்வதை எச்சரிக்கும் சைரன் ஒலித்தும் நிற்பது

மேலேறுங்கள். போத்தல் போகட்டும்.

வெயில் நாளில் மட்டும் வருவது

இங்கே மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. சாலை எண்ணெயும் சிகரெட் துண்டும் மழையோடு ஆற்றில் இறங்கி, நாம் குடிக்கும் மரினா நீர்த்தேக்கத்துக்கே போகின்றன. மழை தொடங்கியதும் வரும் முதல் நீர்தான் மிக அழுக்கானது. அதை ஆற்றில் இறங்கி அல்ல, பாலத்திலிருந்து வாளியைக் கயிற்றில் விட்டு எடுங்கள். என்னிடம் ஒரு வாளி இருந்தது. வாங்கிப்போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.